தண்ணீர்த் துறை

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு.
சத்துணவுக் கூடத்தில் சபை,
பருப்பு வாசம் இன்னும் போகவில்லை.
ஏழு மந்திரிகளும் தார்ப்பாயில்.
நான் மட்டும் ஸ்டூலில்,
நடவடிக்கை எழுதுகிறவள்.
மடியில் வைத்தால் எழுத்து கோணும்.

வெளியே "டேய் தரணி" என்கிறவர்கள்
இங்கே "ஏனுங்க மந்திரி" என்பார்கள்.
முதல் மாதம் சிரித்துச் சிரித்தே சபை கலைந்தது.
எங்கள் பக்கம் திட்டும்போதும்
ஒரு "ங்க" வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஊத்துக்குளியில் எங்கள் குழாய்க்கு
எட்டு நாளுக்கொருக்கா தண்ணி.
புதன்கிழமை வந்தது.
வியாழன் காலை தொட்டியைத் தட்டினால்
தவில் மாதிரிச் சத்தம்.
ராத்திரி முழுக்க வால்வு திறந்தே கிடந்திருக்கிறது.
வேப்பமரம் தாண்டிச் சேறு.
கழிப்பறைக்குப் பூட்டு.
எட்டாம் வகுப்பில் இரண்டு பேர்
மதியத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.
காரணம் நான் எழுதவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

மந்திரி தரணீஷ் எழுந்தான்.
வால்வு பழசுங்க என்றான்.
வாஷர் தேஞ்சதுங்க என்றான்.
ஜூலையிலேயே மனு குடுத்தாச்சுங்க என்றான்.
எல்லாம் நிசம். எழுதிக்கொண்டேன்.

நாலாம் வகுப்பு வரிசையில் ஒரு கை.
லிப்சா.
பனியன் கம்பெனி லைன்வீட்டுப் பிள்ளை,
ஒடிசாவிலிருந்து வந்து ஒன்றரை வருசம்.
அவள் தமிழில் "ங்க" இன்னும் முளைக்கவில்லை.

"நீ ஏன் மூடல?"

சபாநாயகர் கிருபாஷினி டீச்சரைப் பார்த்தாள்.
டீச்சர் வாசலில் நின்று
வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஃபேன் கிறீச் கிறீச் என்றது.
தரணீஷ் கபடி டீம் கேப்டன்.
காது மடல் சிவந்து போச்சு.

"மேட்சுக்குப் போற அவசரத்துல
மறந்துட்டனுங்க."

அவளிடம்.
அந்த நாலாம் வகுப்பிடம்.

தீர்மானம்: அடுத்த முறை வரும் வரை
எதிர் அரிசி மில்லிலிருந்து குடம் சுமப்பது.
முதல் குடம் மந்திரி.
நோட்டில் பேர்கள் வரிசையாக இறங்கின.
"இன்னும் யாராச்சும் பேசறீங்களா?"
ஒரு தரம். ரெண்டு தரம்.

புதன் சாயங்காலம் ஆறு மணி.
ட்யூசன் விட்டு சைக்கிளில் வந்தேன்.
காம்பவுண்டுக்கு வெளியே தண்ணி
வாய்க்கால் கட்டி ஓடியது.
பாவாடை நனையாமல்
ரெண்டு காலையும் தூக்கிக்கொண்டு கடந்தேன்.
வாட்ச்மேன் வீடு நாலு வீடு தள்ளித்தான்.
அது தண்ணீர்த் துறை,
நான் நோட்டுத் துறை
என்று நினைத்தேனா?
அப்படிக்கூட நினைக்கவில்லை.

"சபை கலைந்தது" என்பதில்
"ச" போட்டுவிட்டிருந்தேன்.
மூன்றாம் தரம் கேட்டாள்.
"ச"வை அடித்தேன்.
ஸ்டூலை விட்டு இறங்கினேன்.
நின்று பேசினால் யார் எழுதுவது?
நோட்டைத் தரணீஷிடம் நீட்டினேன்,
"சித்தே எழுதுங்க."

இன்றைய பக்கத்தில் கடைசி ஐந்து வரி
அவன் கையெழுத்து.
மடியில் வைத்து எழுதியது.
கோணல்தான்.
படிக்க முடிகிறது.