பயனாளி

சிட்டாவில் மாதப்பன்.
மாதப்பன் ஓசூர் தாண்டி எங்கோ
பன்னிரண்டாம் மாடியில்
சென்ட்ரிங் அடிக்கிறான்.

நூற்றிருபது மலைவேம்புக்கு
அவன் ஆதார் நகலோடு
அஞ்செட்டிக்கு மூன்று நடை
போய்வந்தாள் கெம்பம்மா.
நிற்பது முப்பத்தொன்று.
மீதியில் பாதியை ஆடு தின்றது.
கேழ்வரகில் நிழல் விழுமென்று
வரப்போரத்தைப் பிடுங்கினான் கொழுந்தன்.
யானையைக் குறை சொல்ல மாட்டாள்,
அது ஒருமுறைதான் வந்தது.

மரம் ஏழு வருடம் கேட்கிறது.
குழுக்கடன்
செவ்வாய்க்குச் செவ்வாய்.

இன்று கணக்கெடுக்க வந்தவர்
செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.
"ஓனர் இல்லையா? சரி,
கொஞ்சம் தள்ளி நில்லும்மா,
செடி மட்டும் விழட்டும்."

காற்று.
செடி சாய்ந்துகொண்டே இருந்தது.
"பிடிச்சுக்கோ" என்றார்.

படத்தில் இருக்கிறாள்,
மணிக்கட்டு வரை.