எத்தனையாவது வளைவில்

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
அர்த்தநாரி கோடு போட்டான்.
மூன்று வண்டி, ஐந்து கட்டம்.
விலை, மைலேஜ், சர்வீஸ் செலவு,
பேட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம்,
டிக்கியில் தட்டுவடை டின் எத்தனை நிற்கும்.
கடைசிக் கட்டம் அவன் தொழில்.
அதற்கும் கீழே நான் எழுதினேன்:
மிருதுளா எந்த வளைவில் வாந்தி எடுப்பாள்.

அவன் சிரிக்கவில்லை.
வாரம் ஐந்து நாள் மேலே போகிற குடும்பம் நாங்கள்.
அவனுக்கு ஏற்காட்டில் பதினோரு கடை,
எனக்கு ஒண்டிக்கடைப் பக்கம் ரத்தப் பரிசோதனை நிலையம்,
அவளுக்குப் பள்ளிக்கூடம்.
பழைய டீசலில் ஆறாவது வளைவைத் தாண்டியதே இல்லை,
அவள் தின்ற இட்லி.

முதல் வண்டியை ஐந்து ரோட்டிலிருந்து
பெனாசிர் ஓட்டி வந்தாள்.
சாதா ஹைப்ரிட். செருகவே வேண்டாம்,
தானே சமைத்துத் தானே உண்ணும் என்றாள்.
அடிவாரத்தில் பூனையாகக் கிளம்பியது.
மூன்றாவது வளைவில் இஞ்சின் விழித்துக்கொண்டு
தூக்கம் கலைந்த மாமனார் மாதிரி இருமியது.
எட்டு.
பெனாசிர் கைப்பையிலிருந்து
எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தாள்,
கூடவே ஒரு பிளாஸ்டிக் கவர்.
இந்தச் சாலையில் வண்டி விற்றுப் பழகியவள்.

இரண்டாவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
வேறு கடை. பதினொன்று.
சீட்டு நல்ல சீட்டு,
அதைத்தான் நாசமாக்கினாள்.

மூன்றாவது செருகி ஏற்றுகிற ரகம்.
அதுவும் பெனாசிர் கடையதுதான்.
விலையைக் கேட்டதும் அர்த்தநாரி
செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி விலை கேட்டவன் போலக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
ஏறினோம்.
ஏறுகிறோமா என்றே சந்தேகம், அத்தனை மௌனம்.
சில்வர் ஓக்கில் சுற்றிய மிளகுக்கொடி
இலை இலையாகத் தெரிந்தது.
ஜன்னலை இறக்கினால் சில்வண்டு.
நாங்கள் வந்ததே கேட்காமல்
நடுச்சாலையில் ஒரு குரங்கு
குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.
பத்தொன்பது.
இருபது.
"வண்டி ஓடுதாம்மா?" என்றாள் மிருதுளா.
ஏரிக்கரையில் இறங்கியதும் மிளகாய் பஜ்ஜி கேட்டாள்.

அந்த மௌனத்தில்தான்
எனக்கும் அவனுக்கும் பேச ஒன்றுமில்லை என்பது
எனக்குக் கேட்டது.
டீசல் இத்தனை வருடம் அதை மூடி வைத்திருந்தது.

இறங்கும்போது திரையைக் காட்டினாள் பெனாசிர்.
பிரேக்கில் கால் வைக்க வைக்கப்
பச்சைக் கோடு நீள்கிறது.
"புடிச்சு நிறுத்துறது எல்லாமே வீணாப் போறதில்லைங்க,
கொஞ்சம் உள்ள போய்ச் சேருது" என்றாள்.
அர்த்தநாரி என்னைப் பார்த்தான்.
நான் கீழே சேலத்தைப் பார்த்தேன்.
அஸ்தம்பட்டிப் பக்கம்
விளக்குப் போடத் தொடங்கியிருந்தார்கள்.

ஆனால் எங்கே செருகுவது?
கன்னங்குறிச்சியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி.
பொது மீட்டரிலிருந்து ஒரு நூல்கூடத் தரமாட்டேன் என்றார்
அடுக்ககச் செயலாளர் சௌந்தரராஜுலு.
மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டால்
இரண்டாம் மாடிக்காரர்கள் துணி காயப்போடுவார்கள் என்றார்.
அதுவும் நடக்கும்.
பொதுக்குழு ஆடி கழிந்து.

டீசலை விற்றாயிற்று.
முன்பணக் காசோலை ஃபிரிட்ஜ் கதவில்,
மாம்பழக் காந்தத்துக்கு அடியில்,
தேதி போடாமல்.

இப்போது ஆறே முக்கால் பஸ்.
தட்டுவடை டின்கள் பின்சீட்டுக்கு அடியில் உருள்கின்றன.
மிருதுளா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு
வளைவின் எண்ணை ஓட்டுநருக்குக் கத்திச் சொல்கிறாள்,
அவருக்குத் தெரியாதது போல.
இஞ்சின் போடும் கூச்சலில்
என் காதருகே குனிந்துதான்
அவனால் எதையும் சொல்ல முடிகிறது.
மூன்றாவது கடைக்காரன் பாக்கி தரவில்லை என்பதைக்கூட.

நேற்று ரசீதை எடுத்து நான்காவதாக ஒரு கோடு போட்டேன்.
அரசுப் பேருந்து.
மைலேஜ் தெரியாது. டின் ஒன்பது.
கடைசிக் கட்டத்தில் பெருமையாக
இருபது என்று எழுதினேன்.

இன்று பதினான்கில் எடுத்தாள்.
கண்டக்டர் மணல் தூவினார்.
அடித்துத் திருத்திக்கொண்டிருக்கும்போது
பெனாசிர் கூப்பிட்டாள்.
வண்டி என்னாச்சு என்று கேட்கவில்லை.
"பாப்பா இப்ப எந்த வளைவுங்க?" என்றாள்.