மைனஸ் நாற்பது

ரத்த வங்கியின் நான்காம் பெட்டி
மைனஸ் நாற்பதில் நிற்க வேண்டும்.
நான்கு மணிக்கொருதரம் முள்ளைப் பார்த்து
பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.
உள்ளே பிளாஸ்மா பைகள்
மஞ்சள் ஓடுகளாய் அடுக்கியிருக்கும்.
வெளியே வேலூரின் மார்கழி, பத்தொன்பது டிகிரி.
அதற்கே வாட்ச்மேன் காதைச் சுற்றி மஃப்ளர்,
"இன்னா குளிரு மேடம் இந்த வருசம்."

அதே எண்ணில்தான் இவர் அங்கே லாரி ஓட்டுகிறார்.
ராணுவ லாரி.
மண்ணெண்ணெய், கோதுமை மூட்டை,
சில நாள் தபால், சில நாள் ஆள்.

வாரத்துக்கு ஐந்து நிமிடம் போன் கிடைக்கும்.
பனி அழகாயிருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.
முட்டையைச் சுத்தியால் உடைத்தார்களாம்.
தக்காளி கை தவறி விழுந்து
கோலிக்குண்டு போல உருண்டதாம்.
பேஸ்ட்டை அக்குளில் வைத்துக்கொண்டு தூங்கினால்தான்
காலையில் பல் விளக்க வருமாம்.
டீசல் தயிராகிவிடும்,
டேங்குக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து
அரைமணி நேரம் கெஞ்ச வேண்டும்.
"இன்ஜினை ஆற விட்டா செத்துடும்மே.
ராவுல மூணு தபா எழுந்து கிளப்பணும்."

ஒருமுறை உறையைக் கழற்றிவிட்டு
வெறுங்கையால் ஸ்பேனரைத் தொட்டிருக்கிறார்.
கை வந்தது, தோல் வரவில்லை.
பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு வந்தவர் மாதிரி
அதைச் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு நைட் டியூட்டி.
நான்காம் பெட்டியைத் திறந்து
உறையில்லாமல் கையை உள்ளே விட்டேன்.
நான்கு எண்ணுவதற்குள் மணிக்கட்டு ரோமம் வெளுத்தது.
ஏழில் அது குளிராக இல்லை,
அடுப்பாக இருந்தது.
தட்டின் விளிம்பைத் தொட்டேன்.
விரலைப் பிடித்துக்கொண்டு
கொஞ்சம் யோசித்துவிட்டு விட்டது.
அலாரம் அடித்தது.
ஸ்டெல்லா சிஸ்டர் ஓடி வந்தார்,
"பை கெட்டா யார் பதில் சொல்றது?"
இரவு 2.10, மைனஸ் முப்பத்தொன்று.
காரணம் என்ற கட்டத்தில்
"கதவு திறந்திருந்தது" என்று எழுதினேன்.

மே மாதம் லீவு கிடைத்தது.
காட்பாடியில் பச்சைப் பெட்டியோடு இறங்கினார்,
உரிந்த மூக்கு, வெடித்த உதடு.
படியேறி இறங்குவதற்குள் சட்டை முழுக்க நனைந்தது.
பாகாயத்துக்கு ஆட்டோ முந்நூறு என்றதும்
"எங்கேர்ந்து வரேன் தெரியுமா,
கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு முந்நூறா?" என்று
சண்டை போட்டு இருநூற்றைம்பதுக்கு வந்தோம்.

கேட்டின் தாழ்ப்பாளைத் துண்டால் பிடித்துத் திறந்தார்.
வெயிலுக்குத்தான் என்று நினைத்தேன்.
விடிந்து பார்த்தால்
தலையணைக்கு அடியில் பேஸ்ட்.

மறுநாள் ராத்திரி வாசலில் சத்தம்.
பனியனோடு நின்று
டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பி,
சும்மா உறும விட்டு,
அணைத்துவிட்டு வந்து படுத்தார்.
ஒரு மணிக்கு. மூன்றுக்கு. ஐந்துக்கு.
காலையில் எதிர்வீட்டு மகிமைராஜ்
"பெட்ரோல் இன்னா வெல விக்குது சார்?" என்றார்.
இவர் சிரித்தார்.
அடுத்த ராத்திரியும் எழுந்தார்.

நான்காம் நாள் நானும் எழுந்து போனேன்.
சுவர் இன்னும் தோசைக்கல்.
ஒன்றும் கேட்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.
அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கோட்டை அகழியைத் தாண்டி,
மூடிய மார்க்கெட்டைத் தாண்டி,
காலி ரோட்டில் பதினைந்தில் போனார்.
பாலாற்றுப் பாலத்தில் இன்னும் மெதுவாக,
பிரேக்கைத் தொடவே இல்லை.
"பாலத்து மேலதான் வழுக்கும்."
கீழே ஆறு முழுக்க மணல், வெள்ளையாக.
அதை அவர் பார்த்துக்கொண்டே வந்தார்,
நான் அவர் கழுத்தில் வேர்வை இறங்குவதை.

வீடு வந்ததும் அணைத்தார்.
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
இன்ஜின் டிக் டிக்கென்று ஆறுவதைக் கேட்டபடி நின்றார்.

"காலைல கெளம்புமா?"

"கெளம்பும்," என்றேன்.