த்கிரி, த்கிலி அல்ல

சுக்திதியில் மின்சாரம் திரும்பியதும்
கிடங்கிலிருந்து கத்துகிறார் ஜும்பேர்:
"இன்றைக்குள் பதிந்துவிடு, த்சியாலா.
பதியாத முகவரோடு பேசவே மாட்டார்களாம்
இத்தாலிக்காரர்கள்."

முகவர் என்றால் ஆள் இல்லை.
எங்கள் கூட்டுறவின் ஹேசல் கொட்டைக்காக
கண்காணாத நிரல்களோடு
இரவெல்லாம் பேரம் பேசும் ஒரு நிரல்.
சாப்பிடாது. அறுவடை மாதத்தில் முன்பணம் கேட்காது.
ஈரம் ஏழு சதவீதம் என்றால்
ஏழு என்றே சொல்லிவிடும்.
அதில்தான் ஜும்பேருக்கு அதன்மேல் கொஞ்சம் மனத்தாங்கல்.

படிவத்தில் ஐந்தே கட்டங்கள்.
பெயர். வேலை. யார் சார்பில்.
எந்தச் சாவியால் கையெழுத்து.
தவறு செய்தால் யாரைக் கேட்பது.

பிறந்த ஊர் கேட்கவில்லை.
கீழே உருட்டிப் பார்த்தேன்,
மறுபடியும் மேலே போய்ப் பார்த்தேன்.
இல்லை.

என்னைக் கேட்டார்கள்.
எங்குரிப் பாலம் கடந்த ஈரக் கோட்டோடு
பள்ளிக்கூட வராந்தா வரிசையில் நின்றபோது
முதல் கேள்வியே அதுதான்.
பிறப்புச் சான்று?
எரிந்துவிட்டது.
நகல்?
நகல் இருந்த அலுவலகமும்தான்.
அப்படியானால் நீதான் நீ என்று யார் சொல்வது?

இரண்டு சாட்சி வேண்டுமாம்.
ஒருவர், வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த வாலிகோ.
இன்னொருவரை ரொட்டிக்கடை வாசலில்
ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குப் பிடித்தோம்.
அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.
அவர் உத்தேசமாகச் சொன்ன வருடத்தில்தான்
இந்த நாட்டில் நான் பிறந்திருக்கிறேன்.

சங்கிலியில் எழுதுவதற்கான கட்டணத்துக்கு
கேஸ் என்று பெயர்.
வீட்டில் சிலிண்டர் தீர்ந்து மூன்று நாள்.
சிரித்துக்கொண்டே கட்டினேன்.

பன்னிரண்டு நொடி.
எங்கெங்கோ குளிர்ந்த அறைகளில்
யாரென்றே தெரியாத இயந்திரங்கள்
ஆம் ஆம் என்று தலையாட்டி முடித்துவிட்டன.
அத்தனை சாட்சிகளில்
ஒருவருக்கும் சிகரெட் தேவைப்படவில்லை.

அப்புறம்தான் ஜும்பேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
திரையருகே குனிந்தார்.
"த்கிலி என்றல்லவா வைக்கச் சொன்னேன்?"

த்கிலி, பாடப்புத்தகத்தில்.
விலைச்சீட்டில், ஏற்றுமதி உரிமத்தில், அமைச்சரின் பேச்சில்.
எங்கள் அடுப்படியில் அது த்கிரி.
மெக்ரேலிய மொழியில் இதுவரை
எந்த அலுவலகமும் ஒரு ரசீதுகூட எழுதியதில்லை.
என் விரல் எழுதிவிட்டது.

"திருத்து."
திருத்த முடியாது.
"அழி."
அழிக்கவும் முடியாது.
ஓய்வு என்று குறித்துவிட்டு
புதிதாக ஒன்று பதியலாம். அப்போதும்
பழைய பெயர் அங்கேயே கிடக்கும்.
"மறுபடி கேஸ் காசா?" என்று யோசித்தவர்
"கிடக்கட்டும். இத்தாலிக்காரனுக்கு என்ன தெரியப்போகிறது"
என்று எடைக்கல் பக்கம் போய்விட்டார்.

செப்டம்பரில் வந்தது ஒரு போலி.
எங்கள் கிடங்கு முகவரி, எங்கள் பணிவு,
கிலோவுக்கு அரை லாரி மலிவு.
பெயர் மட்டும் பிழையில்லாமல் த்கிலி.

தூரினிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.
தயங்கித் தயங்கி, புத்தக ரஷ்யனில்:
"ஏட்டில் ஓர் எழுத்து வேறாக இருக்கிறது.
எது உங்களுடையது?"

பிழையாக இருப்பது, என்றேன்.
அப்படிச் சொன்னது பிடிக்காமல்
"ர" என்று மட்டும் மறுபடி சொன்னேன்.

"பொறுப்பாளர் இடத்தில் இருக்கும் த்சியாலா
நீங்கள்தானே?"

மூச்சை இழுத்துக்கொண்டேன்,
பழக்கம்,
வாலிகோ எங்கே நிற்கிறார் என்று திரும்பப் பார்க்கிற பழக்கம்.
வாலிகோ இறந்து ஆறு வருடம் ஆகிறது.
ஆம், என்றேன்.
சரி, என்றாள்.
அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

வெளியே லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.
ஈரம் எவ்வளவு என்று யாரோ கேட்க
ஆறு, என்றார் ஜும்பேர்.
திரையில் த்கிரி
ஏழு என்று எழுதிக்கொண்டிருந்தது.