கடைவாய்ப்பல் போல

மான்டிவிடியோவில் ஆகஸ்ட். ஆற்றுக் காற்று
லேப் ஜன்னலை விடாமல் தட்டுகிறது.
கதவுக்கு வெளியே, தரையில், என் பிளாஸ்க்.
மாத்தேக் குடுவையோடு உள்ளே வரக் கூடாது.
அந்த விதியை எழுதியவள் நான்தான்.

லென்ஸுக்கு அடியில்
வால்டெமார் எச்செகோயென், ஐம்பத்தெட்டு வயது,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
ரொட்டி நெஞ்சிலேயே நிற்கிறது என்றாராம்.
முப்பது வருடமாகக் கொதிக்கக் கொதிக்க மாத்தே.
இந்த ஊரில் அவ்வளவு சொன்னால் போதும்,
மீதியை யாரும் முடித்துவிடுவார்கள்.

நானும் முடித்தேன்.
மேல்தோல் நாக்கு நாக்காகக் கீழே இறங்கியிருந்தது,
வேலி தாண்டிய ஆடுகள் மாதிரி.
கார்சினோமா, தட்டச்சினேன்.
கையெழுத்துக்கு ஒரு பட்டன் பாக்கி.

ஒரு மிடறு குடிக்க வெளியே போனேன்.
திரும்பும்போது படிவம் மேசையிலிருந்து விழுந்து கிடந்தது.
ஓரத்தில், லெதெஸ்மாவின் கோழிக்கிறுக்கலில்,
எண்டோஸ்கோப்பியில் அவள் கண்டது:
"மஞ்சள். வழவழப்பு. கடைவாய்ப்பல் போல."

புற்றை யாரும் பல் என்று எழுதுவதில்லை.

மறுபடி குனிந்தேன்.
துணுக்கின் அடி விளிம்பில், கத்தி நின்ற இடத்தில்,
ஏழெட்டு செல்கள். வெளிறியவை,
உள்ளே ரவை கொட்டியது போல் மணிமணியாக.
முதல் முறையும் அவை கண்ணில் பட்டிருந்தன.
பட்டிருந்தன என்பதுதான் வெட்கம்.

ஏழெட்டு செல்லை நம்பி ஒரு மனிதரை விடுவிப்பதா?
மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.
"இன்னும் ஆழத்திலிருந்து ஒரு துண்டு வேண்டும்."
லெதெஸ்மா போனில் கத்தினாள்:
நாலு நாளாக அவர் தூங்கவில்லை, தெரியுமா?
தெரியாது.
வேண்டும் என்றேன்.

இரண்டாவது துண்டில் எஸ்-நூறு சாயம்
தேன் பழுப்பில் அழுத்தமாகப் பிடித்தது.
நரம்பைப் போர்த்தும் உறையில் பிறந்தது,
மணிச்செல் கட்டி. அபூர்வம். சாது.
மேலே தோல் இறங்கியது திருட அல்ல;
கீழ்வீட்டுக்கு யார் குடிவந்தார்கள் என்று
எட்டிப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரிப்போர்ட் வாங்க அவரே வந்தார்.
பெயரைக் கேட்கவில்லை. இரண்டு முறை
"இல்லையா?" என்றார். "இல்லை" என்றேன், இரண்டு முறை.
பிறகு: மாத்தே குடிக்கலாமா?
ஆற வைத்துக் குடியுங்கள்.
ஆறினால் அது மாத்தே இல்லை, டாக்டர்,
என்று கக்கத்துப் பிளாஸ்க்கை இறுக்கிக்கொண்டு
படியிறங்கினார்.

அந்த வரைவு இன்னும் கணினியில் இருக்கிறது.
மாலை 4.17. ஒரே சொல்.
அழிக்கச் சொல்லி நான் மனுப் போடவில்லை.