மாரியில் வந்த காசு

காசு வந்திட்டுது என்று
ஒட்டுசுட்டானிலிருந்து போன் வந்தபோது
மைதானத்தில் கொக்கு நின்றது.
ஒன்றில்லை, பதினேழு.
பெனால்டிப் பெட்டிக்குள் மட்டும் ஏழு.

நான் பொருளாளர்.
வளர்பிறை விளையாட்டுக் கழகத்தின் ரசீதுப் புத்தகமும்
சாக்குக்குள் மூன்று பந்தும் என் வீட்டில்தான்.
மூன்றில் ஒன்று காற்று நிற்காது.

சித்திரையில் எழுதிக் கொடுத்தோம்:
நிலம் மட்டப்படுத்தல், செம்மண் எழுபது லோட்,
புல், வடிகால்,
ஒரு சோடி கோல் கம்பம் வலையோடு.
வைகாசியில் ஒரு கையெழுத்துக் குறைந்தது.
ஆனியில் அந்தக் கையெழுத்துக்காரர்
இடமாற்றத்தில் போனார்.
ஆவணியில் நிலம் வெடித்து
டனுசியாவின் கால் வெடிப்புக்குள் போய்
கணுக்கால் பூசணிக்காயாய் வீங்கியது.
அப்போது பெக்கோ வந்திருந்தால்
ஒரு கிழமை வேலை.

இப்போது பதினெட்டு இலட்சம்.
மார்கழி முப்பத்தொன்றுக்குள் முடிக்காவிட்டால்
திறைசேரிக்குத் திரும்பிவிடும்,
கோவிச்சுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போறமாதிரி
என்றா விளையாட்டு உத்தியோகத்தர் பிரதாயினி.

தொழில்நுட்ப உத்தியோகத்தர்
சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
தண்ணீருக்குள் நடந்தார்.
நாடாவின் மறுமுனையை லோகிதன் பிடித்தான்.
நீளம் நூறு மீற்றர், சரி.
ஆழம் எழுதப் படிவத்தில் இடமில்லை.

வடகிழக்கு மூலைக்கு மட்டும் அவர் போகவில்லை.
வெடி எடுத்து, துப்புரவு என்று எழுதித் தந்து
பன்னிரண்டு வருசம்.
கோணர் அடிப்பது அங்கிருந்துதான்.
என்றாலும் புதிதாய் வருகிறவர்களின் பாதம்
அந்த இடத்தில் ஒரு கணம் யோசிக்கும்.

பெக்கோ இறங்கினால் புதையும்.
செம்மண் கொட்டினால் கரைந்து
யேசுரட்ணத்தின் வயலுக்குப் போகும்,
அவர் வேண்டாமென்று சொல்லமாட்டார்.
புல் பதித்தால் மீன் தின்னும் என்றான் லோகிதன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
பிறகு பிரதாயினிதான் முதலில் சிரித்தா.

ஒப்பந்தகாரர் ஒருவர்
மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே பேசினார்.
வேறை மைதானத்தில் பச்சையாய்ப் படம் எடுத்துத் தாறன்,
கணக்கை முடியுங்கோ,
மாசியில வந்து மண் போடுறன்.
நான் மறுத்ததை வீரமென்று சொல்ல வரவில்லை.
அவருடைய மாசி
எந்த வருசத்து மாசி என்று தெரியவில்லை,
அவ்வளவுதான்.

அன்றிரவு நானும் பிரதாயினியும்
தண்ணீரில் கரையாத சாமான்களை எண்ணினோம்.
கம்பம் கரையாது.
வலை நனைந்தால் காயும்.
பந்து மிதக்கும்.
மூன்று இலட்சத்து அறுபதாயிரம்.
மிச்சத்தை அவ பென்சிலால் வட்டம் போட்டு
பார்த்துக்கொண்டே இருந்தா.

மார்கழி இருபத்தெட்டு, மழைக்குள் கம்பம் நட்டோம்.
வாளியால் இறைக்க இறைக்க
கொங்கிறீற்றுக்கு முன்னம் தண்ணீர்
குழிக்குள் போய் இருந்துகொண்டது.
வேலைக்கு முன், வேலையின்போது, வேலைக்குப் பின்
மூன்று படம் கேட்டார்கள்.
மூன்றிலும் தண்ணீர்.
கடைசிப் படத்தில் மட்டும்
வெள்ளைக் கம்பங்கள் தலைகீழாயும் நிற்கின்றன.

பதினான்கு இலட்சத்து நாற்பதாயிரம் திரும்பிப் போனது.
தையில் கடிதம் வந்தது:
ஒதுக்கிய நிதியைப் பயன்படுத்தாமைக்குக்
காரணம் கூறவும்.
‘மழை’ என்று எழுதினேன்.
விபரமாக எழுதவும் என்று திரும்பி வந்தது.

மாசியில் நீர் வற்றி,
நத்தையோடு பொறுக்கி, சுண்ணாம்பு போட்டு
முள்ளியவளைப் பெண்களோடு முதலாவது ஆட்டம்.
தெற்குக் கோலின் இடது கம்பம்
புதைந்து சரிந்திருந்தது.
இரண்டாம் பாதியில் அவர்கள் அடித்த அடி
சரிந்த பக்கத்தில் பட்டுத் தெறித்தது.
நேராய் இருந்திருந்தால் கோல்
என்று அவர்களின் கப்டன் சண்டைக்கு வந்தாள்.
உண்மைதான்.
டனுசியாவே தலையை ஆட்டினாள்.

மத்தியஸ்தர் என்னைப் பார்த்தார்.
எழும்பிப்போய்ச் சாணால் அளந்தேன்.
ஒன்பது அங்குலம்.
ரசீதுப் புத்தகத்தின் பின்மட்டையில் குறித்துக்கொண்டேன்,
சித்திரை விண்ணப்பத்துக்கு.
இந்தமுறை படிவத்தின் ஓரத்தில்
ஆழத்துக்கும் ஒரு பெட்டி கீறுவேன்.