வண்டியோடு வந்தது

எண்ணூற்று ஐம்பது பவுண்டு வேனில்
இரண்டு குறை என்றார் எவர்ட்டன்:
பின்கதவு உதைத்தால்தான் மூடும்,
பாட்டுப்பெட்டிக்குள் ஒரு கேசட் சிக்கிக் கிடக்கிறது.
இருபது பவுண்டு குறைத்துக்கொண்டேன்,
கதவுக்காக.

கிரிம்ஸ்பி மீன்துறையில் விடிகாலை மூன்றரை.
ஐஸுக்குள் ஹேடக்கும் காடும்
வாய் பிளந்து கிடக்கும்.
சாவியைத் திருப்பினால்
எஞ்சினுக்கு முன்னால் டிரம்பெட் எழுந்துவிடும்.
ஒலியைக் குறைக்கும் குமிழ்
எந்தக் காலத்திலோ கழன்று போயிருந்தது.

முதல் வாரம் முழுக்க வைதேன்.
மூன்று குழுக்கள் ஒரே அறையை
வாடகைக்கு எடுத்துவிட்டுச்
சண்டை போடுவதாகப் பட்டது.
ஒருவன் வீடு பற்றி எரிவதுபோல் கத்துகிறான்.
ஒருத்தி, அவசரமே இல்லாமல்,
ஈரத்துணி உதறுவதுபோல் பேஸ் கிடாரை உதறுகிறாள்.
பின்னால் ஊதுகிறவர்கள்
யார் கல்யாணத்துக்கோ கிளம்பி
முகவரி தப்பியவர்கள்.

பிறகு லவுத் சாலையில் ஒரு நாள் பனிமூட்டம்.
வைப்பர் போகும்போது டிரம்,
திரும்பும்போது கிடார்.
தட்டு விழ வேண்டிய இடத்தில் விழவில்லை என்று
அதுவரை நினைத்திருந்தேன்.
இரண்டு தட்டுக்கும் நடுவே
ஆள் நடமாட்டமே இல்லாத அந்தச் சந்தில்
கிடார்க்காரன் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தான்!

இருட்டில் மாடி இறங்கும்போது
ஒரு படி இல்லாமல் போனால்
வயிற்றில் ஒரு துள்ளல் வருமே, அது.
அப்புறம்
அந்த இல்லாத படிக்காகவே
திரும்பத் திரும்ப இறங்கினேன்.

நாற்பத்தொன்பது வயது முழங்கால்
கிளட்சை மறந்தது.

நான்காம் பாட்டு எனக்கு உயிர்.
வேலை கேட்டு வரிசையில் நிற்பவனின் வசவு,
மூச்சு விடாத வேகம்,
நடுவில் சட்டென்று எல்லாம் விலகி
பேஸும் ஒரு ஆர்கனும் மட்டும்.
அலை உள்வாங்கிய கரைபோல நாலு நிமிடம்.
அவன் கோபம் தணியவில்லை,
உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.
என் கோபத்துக்கும் பக்கத்தில் ஓர் இருக்கை போட்டேன்.
கிளிஃப் என்னை விட்டுப் போன கதையை
அதற்குப் பிறகு நான் யாரிடமும்
கத்திச் சொன்னதில்லை.

"உன் மீன் வருவதற்கு முன்னால்
உன் ஊதல் வந்துவிடுகிறது" என்பாள்
போஸ்டனில் வறுவல் கடை வைத்திருக்கும் வின்னி.

குழுவின் பெயர் கேட்டு எவர்ட்டனைத் தேடிப் போனேன்.
டொமினோ மேசையில் இருந்தார்.
"எனக்கென்ன தெரியும்?
போலந்துக்காரப் பிளம்பரிடம் வாங்கினேன்,
அப்போதே உள்ளே இருந்தது."
கட்டையைக் கீழே வைத்துவிட்டு
மூன்றாம் பாட்டின் பல்லவியை எடுத்தார்.
நானும் சேர்ந்தேன்.
அவர் 'ரயில்' என்றார், நான் 'மயில்' என்பதுபோல்
வரிக்கு வரி வேறு வார்த்தை.
இருவருக்கும் கடைசிவரை
ஒன்றும் சரியாகக் காதில் விழுந்திருக்கவில்லை.

மார்ச்சில் ஃப்யூஸ் போனது.
கிட் ஹார்ஸ்ஃபால் இடுக்கியால் அதை வெளியே எடுத்தான்,
பல் பிடுங்கும் முகத்தோடு.
பெயர் இல்லை, ஊர் இல்லை.
நீல மையில் ஒரு தொலைபேசி எண்,
கடைசி இரண்டு இலக்கம் கரைந்திருந்தது.
"மறுபக்கம் போடவா?"

மறுபக்கம்!
எட்டு மாதம் ஒரு கன்னத்தை மட்டும்
பார்த்துக் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

பட்டறை டேப்பில் போட்டான்.
அதே பாட்டுகள்தான். குரல் மட்டும் இல்லை.
கத்தியவன் எழுந்து போன நாற்காலியில்
எதிரொலி உட்கார்ந்திருந்தது.
டிரம் தூரத்தில் கதவு சாத்தியது, திறந்தது.
பாட வேண்டிய இடம் வந்தது,
யாரும் வரவில்லை,
என் வாய் திறந்துகொண்டது.

கிட் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.
சிரிக்கவில்லை. நல்ல பையன்.

அன்று வின்னிக்கு மீன் ஒரு மணி நேரம் தாமதம்.
கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டுப்
பின்கதவை உதைத்தேன்.
தட்டில் அல்ல,
தட்டுக்கு அரை அடி தள்ளி.